திருமுழுக்குப் புத்தகம் தொலைந்தால் திருமுழுக்கும் தொலைந்துவிடுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். முதலில், நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பாருங்கள். நீங்கள் 1989இல் வலிகாமம் வடக்கில் ஒரு பங்கில், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கச் சபைப் பிரிவில், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர். அடுத்த வருடமே குடும்பம் இடம்பெயர்ந்தது. வவுனியாவில் முதல்நன்மை (முதன்முதல் நற்கருணை) எடுத்தீர்கள், பிறகு கனடா போய் ரொறன்ரோவில் உறுதிபூசுதல் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) பெற்றீர்கள். இப்போது நல்லூரைச் சேர்ந்த ஒரு சைவப் பிள்ளையை வருகிற ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்தில் கலியாணம் செய்யப் போகிறீர்கள். ரொறன்ரோப் பங்குத்தந்தை ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்கிறார். ஊரில் விசாரித்தால் பழைய புத்தகம் இல்லை என்கிறார்கள். வீட்டில் இருந்த சான்றிதழ் எங்கே போனதென்று அம்மாவுக்கு நினைவில்லை. ஆகவே, திரும்பவும் திருமுழுக்குப் பெற வேண்டுமா, பெண் மதம் மாற வேண்டுமா, எழுதுவதென்றால் யாழ்ப்பாண ஆயருக்கா, மன்னாருக்கா, கொழும்புக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை கேள்விக்கும் அடியில் ஒரே ஒரு கவலைதான் எனக்குத் தெரிகிறது. புத்தகம் போய்விட்டதால், திருச்சபையின் கணக்கில் நான் இல்லாதவனாகிவிட்டேனா என்பதுதான் அது. இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

நான் குருவானவர் அல்ல. திருச்சபைச் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவனும் அல்ல. யாழ்ப்பாணத்தில் இரண்டு பங்குகளில் 26 வருடம் பங்குப் புத்தகங்களை எழுதியவன், திருமண ஆயத்த வகுப்புகளில் உதவி செய்தவன். சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். நடைமுறையில் பங்குக்குப் பங்கு மாறுகிற விடயங்களை, அவை மாறும் என்று சொல்லியே எழுதுகிறேன். உங்கள் விடயத்தில் கடைசித் தீர்மானம் எடுக்கிறவர்கள் உங்கள் பங்குத்தந்தையும் ஆயர் இல்லமும்தான்.

முதலில் அந்த ஆறு மாதக் கதை. பழைய சான்றிதழ் கையில் இருந்தால்கூட அதை ஏற்கமாட்டார்கள் என்று கேட்டவுடன் பலருக்குக் கோபம் வரும். "திருமுழுக்கு என்ன பழுதாகிற சாமானா?" என்று ஒரு தகப்பன் என்னிடம் சத்தம் போட்டிருக்கிறார். நான் காணி உறுதியை உதாரணம் காட்டித்தான் விளங்கப்படுத்துவேன். நாங்கள் ஒரு காணி வாங்கப் போகிறோம். விற்கிறவரிடம் இருபது வருடத்துக்கு முந்திய உறுதி இருக்கிறது, அது நல்ல உறுதிதான். ஆனாலும் காணிக் கந்தோருக்குப் போய்ப் பதிவைப் பார்ப்போம். இடையில் ஈடு வைத்தாரா, மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாரா என்பது உறுதிக் கடுதாசியில் வராது, பதிவில்தான் வரும். திருமுழுக்குப் புத்தகமும் அப்படித்தான். ஒருவருடைய பெயருக்கு நேரே ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்போம். அவர் உறுதிபூசுதல் பெற்றால், கலியாணம் முடித்தால், குருப்பட்டம் பெற்றால், துறவற சபையில் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தால், அது உலகத்தின் எந்த மூலையில் நடந்தாலும் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அறிவித்து அந்த ஓரத்தில் எழுத வேண்டும். திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 535ஆம் சட்டம் இதைச் சொல்கிறது. ஆகவே புதிதாக எடுத்த சான்றிதழ், "இவர் திருமுழுக்குப் பெற்றவர்" என்பதோடு, "இன்றுவரை இவருடைய ஓரக் குறிப்பில் வேறு கலியாணம் இல்லை" என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. உங்கள் பங்குத்தந்தை கேட்பது இந்த இரண்டாவது விடயத்தை. உங்களில் சந்தேகப்பட்டு அவர் கேட்கவில்லை. நீங்கள் கட்டப்போகிற பிள்ளைக்கும் இது ஒரு பாதுகாப்பு.

சரி, அந்தப் புத்தகமே இல்லையென்றால்? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் உரியது அல்ல. 1990இல் வலிகாமம் வடக்கு வெறுமையானது. 1995 ஒக்டோபர் கடைசியில் முழு வலிகாமமும் ஓர் இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த இரவு நாங்கள் எங்கள் பங்கின் புத்தகங்களை உரப்பையில் கட்டி, மேலே பொலித்தீன் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். மழை வேறு. நான்கு புத்தகம் தப்பியது. ஒன்று நனைந்து தாள்கள் ஒட்டிப்போய்விட்டது. பிறகு அதை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, தெரிந்த எழுத்துகளைப் புதுப் புத்தகத்தில் பார்த்தெழுதினோம். அதனால்தான் "புத்தகம் இல்லை" என்று ஒருவர் வாயால் சொன்னதை நான் இலகுவில் நம்புவதில்லை. பங்கு இருந்த இடத்தில் புத்தகம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்துப் பங்குத்தந்தை கொண்டுபோய் ஆயர் இல்லத்தில் ஒப்படைத்திருக்கலாம். சனங்கள் போய்த் தங்கின பங்கில் விட்டிருக்கலாம். அந்தப் பங்கு மக்களுக்கு இடம்பெயர்ந்த இடத்தில் தொடங்கிய புதுப் புத்தகத்தோடு சேர்ந்தும் இருக்கலாம். உறவினரிடம் விசாரித்ததோடு நிறுத்தாமல், இப்போது அந்தப் பங்கைப் பார்க்கிற குருவானவருக்கும் யாழ்ப்பாண ஆயர் இல்லத்துக்கும் எழுத்தில் கேளுங்கள்.

பழைய ஆட்கள் சிலர், "ஒவ்வொரு வருடமும் புத்தகத்தின் பிரதி ஆயர் இல்லத்துக்குப் போகும், அங்கே எல்லாம் இருக்கும்" என்பார்கள். இதில் பாதி உண்மை. 1917இல் வந்த சட்டத்தொகுப்பு, வருட முடிவில் பங்குப் புத்தகங்களின் பிரதியை ஆயரகத்துக்கு அனுப்பச் சொன்னது. 1983இல் வந்த இப்போதைய தொகுப்பு அதைக் கட்டாயமாக்கவில்லை. நீங்கள் 1989இல் திருமுழுக்குப் பெற்றவர், ஆகவே பிரதி இருக்கத்தான் வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் அப்பப்பாவின் பதிவைத் தேடுகிறீர்கள் என்றால் அந்த வழியையும் கேட்டுப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு எழுதுவதற்கு முன் ரொறன்ரோவிலேயே தேட ஓர் இடம் இருக்கிறது, அதைப் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. நீங்கள் அங்கே உறுதிபூசுதல் பெற்றவர். திருமுழுக்குப் பெற்றதற்கு ஏதாவது ஆதாரம் பார்க்காமல் உறுதிபூசுதலுக்குச் சேர்த்திருக்க மாட்டார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் படித்திருந்தால் சேரும்போதும் கேட்டிருப்பார்கள். அந்தப் பங்கின் உறுதிபூசுதல் பதிவில் நீங்கள் திருமுழுக்குப் பெற்ற இடமும் திகதியும் இருக்கக்கூடும். பழைய பத்திரத்தின் பிரதிகூட ஒரு கோப்பில் கிடக்கக்கூடும். வவுனியாவில் முதல்நன்மை எடுத்த இடத்திலும் கேட்கலாம், ஆனால் முதல்நன்மைக்கு எல்லாப் பங்கிலும் ஒரே சீராகப் புத்தகம் வைப்பதில்லை.

இவை எதிலுமே கிடைக்கவில்லை என்று வையுங்கள். அப்போதும் வழி இருக்கிறது. 876ஆம் சட்டம் இந்த நிலைக்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கும். திருமுழுக்கை நிரூபிக்க, யாருக்கும் அதனால் பாதகம் இல்லையென்றால், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். ஒருவர் போதும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் அம்மா இருக்கிறார். ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது. எந்த ஆலயம், ஏறக்குறைய எந்த மாதம், எந்தச் சுவாமி (குருவானவர்), பிள்ளையை யார் கையில் வைத்திருந்தது, யார் யார் நின்றார்கள் என்று அவர்கள் பங்குத்தந்தைக்கு முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பார்கள். அன்றைக்கு எடுத்த ஒரு படம் கிடைத்தால் அதையும் வையுங்கள். படம் தனியே சான்று ஆகாது, சாட்சி சொல்கிறவரின் ஞாபகத்துக்குப் பலமாக நிற்கும். ஆயர் இல்லம் அதை ஏற்றால், அவர்களுடைய உத்தரவோடு உங்கள் பெயர் திரும்பவும் ஒரு புத்தகத்தில் ஏறும். அதற்குப் பிறகு உங்கள் கலியாணக் குறிப்பும் அந்த ஓரத்தில் எழுதப்படும். எந்தப் பங்கின் புத்தகத்தில் ஏற்றுவது என்பதை ஆயர் இல்லம் சொல்லும், நான் இதில் வெவ்வேறு விதமாகச் செய்ததைக் கண்டிருக்கிறேன். நீங்கள் வேறு எங்கும் கலியாணம் முடிக்கவில்லை என்பதற்குத் தனியாக இரண்டு பேருடைய சாட்சியமும் வழக்கமாகக் கேட்பார்கள். ஓரக் குறிப்பு செய்கிற வேலையை அப்போது அந்தச் சாட்சியம் செய்கிறது.

திரும்பவும் திருமுழுக்குப் பெறுவது என்ற பேச்சே வேண்டாம். திருமுழுக்கு ஒரு தரம்தான், அதைத் திரும்பக் கொடுக்க முடியாது. நன்றாக விசாரித்த பிறகும் ஒருவர் திருமுழுக்குப் பெற்றாரா இல்லையா என்ற உண்மையான சந்தேகம் நின்றால் மட்டும், "நீர் திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம் என்று 869ஆம் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு அந்தச் சந்தேகமே இல்லை, அம்மாவே நேரில் நின்றிருக்கிறார். "வீண் அலைச்சல் வேண்டாம், ஒரு தரம் தண்ணீரை ஊற்றி முடித்துவிடலாம்" என்று யாராவது ஆலோசனை சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். உங்கள் அம்மாவும் அப்பாவும் உங்களைத் தூக்கிக்கொண்டுபோய் நின்ற அந்த நாளை இல்லாததாக்குகிற வேலை அது. இதில் எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குக் கடுதாசி வேறு, விசுவாசம் வேறு என்பது புதிதும் அல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தார்கள், குருக்களைத் துரத்தினார்கள். அவர்களுடைய சபையில் திருமுழுக்கும் கலியாணமும் பதிந்து பள்ளித் தோம்பில் (அவர்கள் வைத்த பதிவேட்டில்) பெயர் ஏறினால்தான் சட்டத்தில் மதிப்பு. எங்கள் ஆட்கள் கடுதாசிக்காக அங்கே பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டில் செபமாலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1687இல் புனித யோசேவாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை ஏறக்குறைய முப்பது வருடம் இங்கே நிலையாக ஒரு குருவானவர் இல்லை. அவர் சில்லாலையைத் தளமாக வைத்து, இரவுகளில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். அந்த முப்பது வருடத்தில் தாய்மாரும் மூப்பர்மாரும் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த திருமுழுக்குகளுக்கு எந்தப் புத்தகம் இருந்தது? அவசர நேரத்தில் சரியான நோக்கத்தோடு யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று இன்றைய சட்டமும் சொல்கிறது. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதேன். பெயர் எழுதப்படாமல் போன அந்தச் சனங்களைத்தான் அப்போது நினைத்தேன்.

எந்த மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) என்ற கேள்வி இலகுவானது. யாழ்ப்பாண மறைமாவட்டம் இன்று யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களைப் பார்க்கிறது. மன்னாரும் வவுனியாவும் 1981இல் பிரிந்து மன்னார் மறைமாவட்டமாகின. அதற்கு முன் மடு மாதா திருத்தலம் உட்பட அந்தப் பகுதியும் யாழ்ப்பாணத்தோடுதான் இருந்தது. நீங்கள் திருமுழுக்குப் பெற்றது வலிகாமம் வடக்கில், ஆகவே யாழ்ப்பாணம். வவுனியாவில் எடுத்த முதல்நன்மை பற்றி அறிய மட்டும் மன்னார்ப் பக்கம் கேளுங்கள். இதை வாசிக்கிற வேறு யாராவது 1981க்கு முன் மன்னாரில் திருமுழுக்குப் பெற்றிருந்தால் குழம்ப வேண்டாம். எல்லை மாறினாலும் புத்தகம் அந்தப் பங்கிலேயே இருக்கும், முதலில் பங்குக்கு எழுதுங்கள்.

கொழும்புக்கு எழுதத் தேவையில்லை. கொழும்பு உயர்மறைமாவட்டம், பேராயர் அங்கே இருக்கிறார், அதனால் யாழ்ப்பாண ஆயர் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். மாவட்டச் செயலாளருக்கு மேலே அமைச்சு இருப்பதுபோல இதை யோசிக்கக் கூடாது. ஒவ்வொரு ஆயரையும் பாப்பரசர் நேரே நியமிக்கிறார், தன்னுடைய மறைமாவட்டத்தில் அந்த ஆயருக்கே அதிகாரம். பேராயருக்கு மற்ற மறைமாவட்டங்களில் சட்டம் சொல்கிற சில வரையறுத்த பொறுப்புகள் உண்டு. ஒருவருடைய கலியாண அனுமதி அவற்றில் வராது.

இப்போது உங்கள் வருங்கால மனைவியைப் பற்றி. அந்தப் பிள்ளை மதம் மாறத் தேவையில்லை. இதை அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனுக்கு இன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் கலப்புக் கலியாணங்களில் நான் கண்ட கண்ணீரில் பாதி இந்தப் பிழையான எண்ணத்தால் வந்தது. "வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) வந்தால்தான் கத்தோலிக்கக் கோயிலில் தாலி கட்டுவார்கள்" என்று யாரோ ஒரு சித்தப்பா சொல்லிவிடுவார். அதோடு இரண்டு வீட்டாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சட்டம் சொல்வது வேறு. கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெறாத ஒருவரைக் கலியாணம் செய்வதற்கு 1086ஆம் சட்டத்தில் ஒரு தடை இருக்கிறது. மத வேறுபாட்டுத் தடை என்பார்கள். ஆயரிடமிருந்து விதிவிலக்குப் பெறாமல் கட்டினால் அந்தக் கலியாணம் திருச்சபைக்கு முன் செல்லாது. ஆனால் நியாயமான காரணம் இருந்தால் ஆயர் அந்த விதிவிலக்கைக் கொடுக்கலாம், அதற்கான நிபந்தனைகளும் சட்டத்திலேயே தெளிவாக இருக்கின்றன. நீங்கள் உங்கள் விசுவாசத்தை விட்டு விலகமாட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறக்கிற பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததெல்லாம் செய்வேன் என்று மனதார வாக்குக் கொடுக்க வேண்டும். வாக்குக் கொடுப்பது நீங்கள். அந்தப் பிள்ளைக்கு, நீங்கள் இப்படி ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது நேரகாலத்தோடு தெரிந்திருக்க வேண்டும். சட்டம் அந்தப் பிள்ளையிடமிருந்து எந்த வாக்குறுதியும் கேட்கவில்லை. கலியாணம் என்றால் என்ன, அது ஒருவரோடு ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் என்பதை இருவருக்கும் சேர்த்து விளங்கப்படுத்துவார்கள்.

அந்தப் பிள்ளை உண்மையில் மனம் விரும்பிக் கத்தோலிக்கராக வர ஆசைப்பட்டால் அது வேறு கதை. அதற்குத் தனியான ஆயத்தக் காலம் இருக்கிறது, கலியாணத் திகதிக்காக அவசரப்படுத்தக் கூடாது. கலியாணத்துக்கு முதல் நாள் திருமுழுக்குக் கொடுத்து, அதற்குப் பிறகு கோயில் வாசலே மிதிக்காத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பிழை அந்தப் பிள்ளைகளில் இல்லை, அவசரப்பட்ட எங்களில்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், கேட்காததனால்தான் பிறகு பிரச்சினை வரும். "காலையில் நல்லூரில் ஐயரை வைத்து ஒன்று, பின்னேரம் எங்கள் கோயிலில் ஒன்று" என்று பல குடும்பங்கள் செய்கின்றன. 1127ஆம் சட்டம் இதைத் தடுக்கிறது. சம்மதத்தைக் கொடுப்பதற்காக அல்லது புதுப்பிப்பதற்காக, முன்னுக்கோ பின்னுக்கோ இன்னொரு சமயச் சடங்கு நடத்தக் கூடாது. ஒரு சம்மதம், ஒரு தரம். பெண் வீட்டாருக்கு இது மனவருத்தம் தரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதில் செய்யக்கூடியவையும் நிறைய உண்டு. தாலியும் கூறையும் எங்கள் கோயில்களிலும் வழமை. சிலுவையோ புறாவோ பொறித்த தாலி, கூறைச்சேலை மாற்றி வருதல் எல்லாம் நாங்களும் செய்வதுதான். பெரியவர்கள் ஆசீர்வதிப்பது, விருந்து, பெண் வீட்டு உபசாரங்கள் எல்லாம் சமயச் சம்மதச் சடங்கு ஆகா. எது சரி, எது எல்லை தாண்டும் என்பதைப் பங்குத்தந்தையோடு முன்கூட்டியே இருந்து பேசுங்கள். பெண்ணின் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போங்கள். குருவானவர் நேரில் விளங்கப்படுத்தும்போது கேட்கிற மனம், மாப்பிள்ளை தொலைபேசியில் சொல்லும்போது இருக்காது. அங்கே இணக்கம் வரவே இல்லையென்றால், கலியாணத்தை வேறு வடிவத்தில் நடத்த ஆயர் விசேட அனுமதி கொடுக்க முடியும். அது அவருடைய தீர்மானம், கேட்டவுடன் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கோயிலில் நடக்கும்போது வழக்கமாகப் பூசை இல்லாமல் இறைவார்த்தை வழிபாட்டோடு நடக்கும். ஒருவர் திருமுழுக்குப் பெறாதவராக இருக்கும்போது அதுதான் முறை. அதைக் குறைவாக எடுக்காதீர்கள். இரண்டு வீட்டுச் சனமும் ஒரே இடத்தில் இருந்து செபிக்கிறார்கள், நன்மை எடுக்கும் நேரத்தில் பாதிப் பேர் எழும்பிப் போக மற்றப் பாதிப் பேர் கதிரையில் இருக்கிற நிலை வராது. நான் ஆயத்தம் செய்த கலப்புக் கலியாணங்களில் மனதில் நிற்பவை அப்படி நடந்தவைதான்.

உங்கள் மாமா ஒருவர் ஜேர்மனியில் குருவானவராக இருக்கிறார், அவர் வந்து நடத்துவார் என்று எழுதியிருந்தீர்கள். மிகவும் நல்லது. ஆனால் குருவானவர் என்பதால் மட்டும் அவர் யாழ்ப்பாணத்தில் உங்கள் கலியாணத்தை நடத்த முடியாது. ஒரு கலியாணம் செல்லுபடியாக, அந்த இடத்து ஆயரோ பங்குத்தந்தையோ, அல்லது அவர்களிடம் அதிகாரம் பெற்றவரோ சம்மதத்தைக் கேட்க வேண்டும். அந்தப் பங்குத்தந்தை உங்கள் மாமாவுக்கு, இந்தக் கலியாணத்துக்கென்று குறிப்பிட்டு அதிகாரம் கொடுக்க வேண்டும். எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. ஒரு தரம் எங்களிடம் வெளிநாட்டிலிருந்து ஒரு சுவாமி வந்து உடுப்பெல்லாம் போட்டு ஆயத்தமாகிவிட்டார், பெண் காரில் இருந்து இறங்கிவிட்டது, அப்போதுதான் யாருமே இந்த அனுமதியைக் கேட்கவில்லை என்று தெரிந்தது. பங்குத்தந்தை பக்கத்து ஊரில் ஒரு செத்தவீட்டில் நின்றார். நான் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய் அவரிடம் எழுதி வாங்கி வந்தேன். முக்கால் மணித்தியாலம் எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த அனுமதி இல்லாமல் நடந்திருந்தால், கலியாணமே செல்லாது போயிருக்கும்.

கோப்பு போகிற பாதை பொதுவாக இப்படி இருக்கும். உங்கள் ஆயத்த வகுப்பும் விசாரணையும் ரொறன்ரோப் பங்கில் நடக்கும். அங்கிருந்து அவர்களுடைய ஆயரகத்துக்குப் போய், விதிவிலக்கும் சேர்ந்து, யாழ்ப்பாண ஆயர் இல்லத்துக்கு வரும். அங்கிருந்து கலியாணம் நடக்கிற பங்குக்குப் போகும். இதற்கு மூன்று நான்கு மாதம் ஒதுக்குங்கள். புத்தகம் தேடும் வேலையும் இருப்பதால் உங்களுக்கு ஆறு மாதம் என்றே சொல்வேன். ஓலை வாசிப்பது (கலியாணத்தைக் கோயிலில் முன்கூட்டியே அறிவிப்பது) எங்கே, எத்தனை ஞாயிறு என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அதைக் கேட்டு அறியுங்கள். அரச பதிவு தனி. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் கேட்கிற ஆவணங்கள் அவ்வப்போது மாறுவதால் அதைப் பதிவாளரிடமே கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பதிவு எழுதிவிட்டால் திருச்சபைக்கு முன்னும் கலியாணம் முடிந்துவிட்டது என்று ஆகாது.

திகதி பற்றியும் ஒரு வார்த்தை. ஓகஸ்ட் என்கிறீர்கள். ஓகஸ்ட் நடுப்பகுதிவரை ஆடி மாதம், பெண் வீட்டார் விரும்பமாட்டார்கள். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறினால் 25 நாள் திருவிழா. நல்லூர் வீதியில் இருக்கிற குடும்பத்துக்கு அந்த நாட்களில் விரதம், மச்சம் இல்லை, வீடு நிறைய விருந்தினர். எங்கள் பக்கம் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, அந்தக் கிழமை குருவானவர்களைப் பிடிப்பதும் வாகனம் பிடிப்பதும் கஷ்டம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் அந்த வருடத்துக் கலண்டரை வைத்து இரண்டு வீட்டாரும் பாருங்கள். செப்டம்பர் நடுப்பகுதிக்குத் தள்ள முடிந்தால் கோப்புக்கும் நேரம் கிடைக்கும்.

கடிதத்தை இன்றைக்கே எழுதுங்கள். ஊர்ப் பங்கின் இப்போதைய பங்குத்தந்தைக்கு ஒன்று, பிரதி யாழ்ப்பாண ஆயர் இல்லத்துக்கு. உங்கள் முழுப்பெயரை, திருமுழுக்கில் வைத்த புனிதரின் பெயரோடு எழுதுங்கள். பிறந்த திகதி, தகப்பன் பெயர், தாயின் கலியாணத்துக்கு முந்திய பெயர், ஞானப்பெற்றோரின் பெயர்கள், திருமுழுக்கு நடந்த ஆலயம், தெரிந்தால் திகதி, தெரியாவிட்டால் மாதம், அப்போது அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் யார் என்பதையும் சேருங்கள். உங்கள் அண்ணன் அக்காவும் அதே ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றிருந்தால் அவர்களுடைய விபரத்தையும் போடுங்கள். ஒரு தாளில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் பக்கத்துத் தாளில் அவர்கள் பெயர் கிடைத்தால், அந்தப் புத்தகம் தப்பியிருக்கிறது என்பது தெரியவரும். இந்த விபரங்களில் பாதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஞானத்தாய் எங்கே இருக்கிறார் என்று அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். கண்டுபிடித்தால் அவரோடு முதலில் கதையுங்கள்.